57 வயசு கண்காணிப்பாளருக்கு மின்கோப்பு சொல்லித்தரணும், எங்கேயிருந்து தொடங்குறது?

மலைக்கோட்டை | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். மாவட்ட அளவிலான ஓர் அரசு அலுவலகத்துல உதவியாளரா இருக்கேன். வயசு 31. துறை பேரு வேண்டாம். பயனர் பேரைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிச்சீங்கன்னா மனசுக்குள்ளேயே வச்சுக்கோங்க.

அடுத்த மாசம் முதல் தேதியிலேருந்து எங்க ஆபீஸ்ல காகிதக் கோப்பு எதுவும் புதுசா தொடங்கக் கூடாது, எல்லாம் இ-ஆபீஸ்ங்கிற மின்கோப்பு மென்பொருள்லதான்னு சொல்லிட்டாங்க. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் வருமேப்பா"ன்னு ஆறு பேருக்குச் சொல்லித்தர்ற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. ஆறு பேரும் 52 தாண்டினவங்க. அதுல முக்கியமானவங்க எங்க கண்காணிப்பாளர் மேடம். 57 வயசு, 33 வருஷ சர்வீஸ். ஒரு கோப்பைக் கையில வாங்கி ரெண்டு நிமிஷத்துல "இதுல 2011ல ஒரு கடிதம் வந்திருக்கணுமே, எங்கே?"ன்னு கேக்குற ஆள். தட்டச்சரா சேர்ந்து பதவி உயர்வுல வந்தவங்க.

போன வாரம் ப்ரொஜெக்டர் வச்சு ரெண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். 84 ஸ்லைடு. எல்லாரும் தலையாட்டினாங்க. மறுநாள் ஒருத்தர்கூட லாகின் பண்ணலை. மேடம் பக்கத்துல உக்காந்து தனியா சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். "சரி தம்பி, புரிஞ்சுது"ன்னு சொல்றாங்க, அடுத்த நாள் அதே கேள்வி வருது. நேத்து அவங்களே ஒரு கடிதம் அடிக்க உக்காந்தாங்க. "பொருள்"னு அடிக்கப் போய் ஸ்கிரீன்ல வேற என்னமோ வந்துது. ஒரு நிமிஷம் பார்த்தாங்க. அப்புறம் எழுந்து போய் அவுட்சோர்சிங்ல இருக்கிற டேட்டா என்ட்ரி பொண்ணுகிட்ட, "நீயே அடிச்சுடும்மா"ன்னுட்டாங்க.

அந்த முகத்தைப் பார்த்ததுலேருந்து எனக்கு மனசு சரியில்லை. நான் எங்கே தப்பு பண்றேன்?

---

நாலாவது சீட் | செவ்வாய், இரவு 10:15

தம்பி, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. "எனக்குத் தெரியாதுப்பா" அப்படிங்கிறது பல பேருக்கு ஆயுதம். தெரிஞ்சுட்டா வேலை வரும், தெரியலைன்னா அந்த வேலை உன்கிட்ட வரும். நான் ஒரு ஆபீஸ்ல மூணு பேரோட ஐடியில வேலை பார்க்கிறேன். ஒரு சார் தினமும் காலையில 5 மணிக்கு எழுந்து அறுபது பேருக்குக் குட்மார்னிங் படம் அனுப்புறார், யூடியூப்ல பாட்டு தேடிக் கேக்குறார், பேத்திகிட்ட வீடியோ கால்ல பேசுறார். ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தா மட்டும் கண்ணு தெரியாது.

எல்லாரையும் சொல்லலை. ஆனா இதைச் சொல்ல ஓர் ஆள் வேணும்ல.

---

பழைய பேரேடு | புதன், காலை 6:20

நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கதையை நாங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டோம். 1983இல் இயந்திரமயமாக்கம் குறித்து வங்கிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. 1984இல் வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. கிளைகளில் பேரேட்டுக்குப் பதிலாக ஏ.எல்.பி.எம். என்ற இயந்திரங்கள் வரத் தொடங்கின. எங்கள் கிளைக்கு வந்தபோது எனக்கு 34 வயது. எனக்குப் பக்கத்து மேசையில் 55 வயதான லெட்ஜர் கிளார்க் ஒருவர் இருந்தார். ஒரு பக்கம் முழுக்க உள்ள எண்களைப் பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு முறை தடவிக்கொண்டே வருவார், அடியில் கூட்டுத்தொகையை எழுதிவிடுவார். அவ்வளவுதான்.

அவர் இயந்திரத்தைத் தொடவே மாட்டேன் என்றார். மேலாளர் புத்திசாலி, கட்டாயப்படுத்தவில்லை. ஒரு மாதம் பேரேடும் ஓடட்டும், இயந்திரமும் ஓடட்டும், மாலையில் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது உங்கள் வேலை என்று அவரிடம் கொடுத்துவிட்டார். இரண்டாவது வாரம் ஒரு நாள் 27 ரூபாய் வித்தியாசம். இயந்திரத்தில் ஏற்றிய இளைஞர்கள் இரவு எட்டு மணி வரை தேடினார்கள். இவர் வந்தார். "27, ஒன்பதால் வகுபடுகிறது. எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கிறது, அதை மட்டும் தேடுங்கள்" என்றார். 1,474 என்று இருக்கவேண்டிய இடத்தில் 1,447. பத்து நிமிடத்தில் கிடைத்தது.

மறுநாள் காலை அவரே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, "அந்தப் பதிவை எப்படித் திருத்தினாய், காட்டு" என்றார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்லாரும் அப்படி வரவில்லை. 2000-01இல் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு கொடுத்தபோது என்னோடு இருந்த பலர் கணினிக்குப் பயந்தும்தான் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு, பழைய கணக்கு ஒன்று சிக்கலானால் கேட்க ஆளில்லாமல் நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போன் போட்ட நாட்கள் உண்டு.

---

தன்பதிவேடு | புதன், காலை 7:05

நானும் கண்காணிப்பாளரா இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவதான். மலைக்கோட்டை தம்பி, ரெண்டு கேள்வி. பதில் சொல்லிட்டு அப்புறம் பேசலாம்.

ஒண்ணு, உங்க மேடம் தட்டச்சர்னு சொன்னீங்க. தமிழ்த் தட்டச்சுல ஹையர் தேர்வு பாஸ் பண்ணினவங்களா? இன்னொண்ணு, அவங்க உக்காந்த கம்ப்யூட்டர்ல என்ன விசைப்பலகை போட்டு வச்சிருக்கீங்க?

---

மலைக்கோட்டை | புதன், காலை 9:30

தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் ஹையர், தமிழ்ல முதல் வகுப்பு. ஆபீஸ்ல எல்லா சிஸ்டத்துலயும் தமிழ்99 போட்டிருக்கோம். அரசு அங்கீகரிச்சது அதுதானே, நானும் அதுலதான் அடிக்கிறேன்.

---

தன்பதிவேடு | புதன், காலை 9:52

அதான் பார்த்தேன்.

தம்பி, உங்க மேடம் பதினெட்டு வயசுல ரெமிங்டன் மெஷின் முன்னாடி உக்காந்து "யளனகபக"ன்னு ஆரம்பிச்சவங்க. விசையைப் பார்க்காம அடிக்கிறதுக்கு இன்ஸ்டிடியூட்ல கை மேல துணி போட்டு மூடி வைப்பாங்க. அந்த விரலுக்கு 39 வருஷமா "பொ" அப்படின்னா கொம்பு, ப, கால். அந்த வரிசையிலதான் வரும். நாம பேப்பர்ல எழுதுற வரிசையும் அதுதான்.

உங்க தமிழ்99ல ப அடிச்சு ஒ அடிச்சா "பொ". ரெண்டே தட்டு, நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லலை. 1999 சென்னை மாநாட்டுக்கு அப்புறம் அரசு ஏத்துக்கிட்ட பலகை. ஆனா அவங்க விரல் போற இடத்துல என்ன இருக்குன்னு பாருங்க. தட்டச்சு மெஷின்ல கொம்பு இருக்கிற இடத்துல தமிழ்99ல ங இருக்கு. ப இருக்கிற இடத்துல எ. கால் இருக்கிற இடத்துல க. அவங்க சரியா "பொ" அடிச்சிருக்காங்க, உங்க கம்ப்யூட்டர் "ஙெக"ன்னு காட்டியிருக்கு.

முதல் வகுப்புல பாஸ் பண்ணினவங்க, 31 வயசுப் பையன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது, தினம் பத்து முறை அடிச்ச ஒரு வார்த்தையை அடிக்க முடியாம நின்னாங்க. அவங்க எழுந்து போனதுக்கு இதுதான் காரணமா இருக்கும்.

பழைய தட்டச்சுப் பலகையை யூனிகோட்லயே போடலாம். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை ரெண்டுலயும் இருக்கு, இலவசம். இன்னிக்கே போடுங்க.

---

ஹெல்ப்டெஸ்க் கதிர் | புதன், மதியம் 1:10

மேலே அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா மலைக்கோட்டை, ஒரு எச்சரிக்கை. மேடம் இதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல அடிச்சிருந்தா பெரும்பாலும் வானவில் ஔவையார் எழுத்துருவுல அடிச்சிருப்பாங்க. அங்கே கொம்பு அடிச்சா உடனே கொம்பு தனியா விழும், அப்புறம் ப விழும், எல்லாம் படம் மாதிரி வரிசையா நிக்கும். யூனிகோட்ல மெய்யெழுத்துதான் முதல்ல, கொம்பு அதுக்கு அப்புறம்தான் சேமிக்கப்படும். அதனால தட்டச்சுப் பலகையில கொம்பை அடிச்சதும் அது ஒரு புள்ளிவட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ப அடிச்சதும் வட்டம் போயிடும். இதை முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லைன்னா அந்த வட்டத்தைப் பார்த்து அழிச்சு அழிச்சு அடிப்பாங்க. பேக்ஸ்பேஸ் நடத்தையும் வேற மாதிரிதான் இருக்கும்.

கண்ணாடியைக் கேட்டீங்களா? இது யாரும் கேக்க மாட்டாங்க. வெள்ளெழுத்துக்குக் கீழ்ப்பாதியில படிக்கிற பவர் வச்ச கண்ணாடி போட்டிருந்தா, திரையைப் படிக்க முகவாயைத் தூக்கி அண்ணாந்து பார்ப்பாங்க. அரை மணியில கழுத்து வலி வந்துடும், "எனக்கு இது ஒத்துக்கலை"ன்னு எழுந்துடுவாங்க. மானிட்டரைக் கீழே இறக்குங்க, நம்ம ஊர்ல சிபியு மேலேயோ ரெண்டு பழைய கெஜட் மேலேயோ ஏத்தி வச்சிருப்போம். டிஸ்பிளே அளவை 125 இல்லை 150 சதவீதம் வைங்க. மவுஸ்ல இரட்டைச் சொடுக்கு வேகத்தைக் குறைங்க. பல பேர் "கிளிக் பண்ணினா திறக்க மாட்டேங்குது"ன்னு சொல்றது இந்த வேகத்தால. ரெண்டு தட்டுக்கும் நடுவுல கை ஒரு நூலளவு நகர்ந்துடும், ஐகான் இழுபட்டு வேற இடத்துக்குப் போயிடும். அப்புறம் "காணோம்"னு கூப்பிடுவாங்க.

எங்க ஹெல்ப்டெஸ்க்குக்கு வர்ற அழைப்புல சரிபாதி இந்த மாதிரிதான். அதுல அழைக்கிறவங்க வயசு முப்பதாவும் இருக்கும்.

---

மலைக்கோட்டை | வியாழன், இரவு 8:30

இன்னிக்கு நடந்ததை அப்படியே எழுதுறேன்.

மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் மேடம் சிஸ்டத்துல தட்டச்சுப் பலகை போட்டேன். கெஜட் உண்மையிலேயே இருந்துது, மூணு. எடுத்தேன். எழுத்துப் பெருசாக்கினேன். "மேடம், ஒரு வரி அடிச்சுப் பாருங்க"ன்னு சொல்லிட்டு பின்னாடி நாற்காலியில போய் உக்காந்துட்டேன். பக்கத்துல உக்காரலை.

முதல்ல ஒரு விரல் வச்சாங்க. கொம்பு விழுந்து வட்டம் வந்துது. "இதென்ன தம்பி கோலப்புள்ளி மாதிரி?" ன்னாங்க. அடுத்ததையும் அடிங்க மேடம்னேன். "பொ" விழுந்துது. அப்படியே ரெண்டு கையையும் தூக்கி விசைமேல வச்சாங்க. அதுக்கப்புறம் நான் பார்த்தது என் வாழ்க்கையில பார்க்காத வேகம். "பொருள்", "பார்வை", "பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது" வரைக்கும் கண்ணு திரையில, விசைப்பலகை பக்கம் போகவே இல்லை. டேட்டா என்ட்ரி பொண்ணு எழுந்து வந்து நின்னு பார்த்துது. நானெல்லாம் அதுல பாதி வேகம்கூட இல்லை.

முடிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்து ஒண்ணு சொன்னாங்க: "நான் அஞ்சாவது படிக்கும்போது எழுத்தே மாறிச்சு தம்பி. லைக்குத் தும்பிக்கை போட்டுப் பழகினவங்க நாங்க. அதையே மாத்திக்கிட்டோம்."

(78 எழுத்துச் சீர்திருத்தம். எனக்கு அது பொதுத்தமிழ் வினாத்தாள்ல வந்த ஒரு மதிப்பெண்.)

அடிக்கிறது சரியாயிடுச்சு. ஆனா கோப்புக்குள்ள குறிப்பு போடச் சொன்னா மறுபடி கை நடுங்குது. மஞ்சள் நோட், அதாவது வரைவு வரைக்கும் வர்றாங்க. இறுதிக் குறிப்பான பச்சை நோட்னதும் "இதை அழிக்க முடியாதாமே, நீயே போட்டுடு"ன்னுட்டாங்க.

---

நாலாவது சீட் | வியாழன், இரவு 9:05

சரி, தட்டச்சு விஷயத்துல நான் தோத்துட்டேன். சந்தோஷம்.

ஆனா "நீயே போட்டுடு" வந்துடுச்சு பார்த்தியா? இங்கேதான் மாட்டுவ. இன்னிக்கு நோட், நாளைக்கு பாஸ்வேர்டு, நாளை மறுநாள் டாங்கிள். எங்க ஆபீஸ்ல டிஜிட்டல் கையெழுத்துச் சாவி இருக்கிற யூ.எஸ்.பி. டாங்கிள் அதிகாரி பையில இருக்காது, ஆபரேட்டர் டிராயர்ல இருக்கும். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்துல மஞ்சள் சீட்டுல. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?

அதோட இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. மலைக்கோட்டை சொல்லித்தர்ற இந்த ரெண்டு வாரம் அவர் சீட்டுல இருக்கிற கோப்பை யார் பார்க்கிறா? மாசக் கடைசியில தன்பதிவேடு (அவரவர் இருக்கையோட கோப்புக் கணக்கு) ஆய்வுல நிலுவை 40னு அவர் பேர்லதானே வரும்?

---

தன்பதிவேடு | வியாழன், இரவு 9:48

நாலாவது சீட், ரெண்டாவது கேள்வி நியாயம். மலைக்கோட்டை, வாயால சொன்ன வேலையைச் செய்யாதீங்க. அலுவலக ஆணை போடச் சொல்லுங்க: இன்ன தேதியிலேருந்து இன்ன தேதி வரை இந்த ஆறு பேருக்குப் பயிற்சி, அதுவரை உங்க இருக்கையில இந்தப் பொருள்களுக்கான கோப்புகள் இன்னாருக்குன்னு. நான் சர்வீஸ்ல இருந்தப்போ இதைக் கேக்காம ஒரு பையன் எட்டு மாசம் எல்லாருக்கும் ஓடி ஓடிச் செஞ்சான். கடைசியில நிலுவைக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது அவனுக்குத்தான். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு, நானும் அவனைக் கூப்பிட்டவதான்.

பாஸ்வேர்டு விஷயம். அதுல தயவு தாட்சண்யமே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 42ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. கையெழுத்துச் சாவியை வேற யார் கைக்கும் போகாம பார்த்துக்க வேண்டியது அதை வச்சிருக்கிறவரோட கடமை. ஆபரேட்டர் பொண்ணு பாவம், மாசச் சம்பளத்துக்கு வந்தது. அது தலையில இதைக் கட்டுறது அதுக்கும் ஆபத்து.

ஆனா "தெரியாதுப்பா" பின்னாடி சோம்பல் மட்டும்தான் இருக்குன்னு நினைக்காதீங்க. 57 வயசுல ஒரு அரசு ஊழியருக்கு என்ன பயம் தெரியுமா? கம்ப்யூட்டர் இல்லை. ஒரு 17 பி, அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை. முப்பது வருஷம் சுத்தமா வேலை பார்த்துட்டு, கடைசி ரெண்டு வருஷத்துல ஒரு தப்பான பட்டனை அழுத்தி, அது தணிக்கையில வந்து, ஓய்வூதியக் கோப்பு நின்னு போனா? இதைப் பார்த்தவங்க நாங்க. அந்தப் பயத்துல இருக்கிறவங்ககிட்ட போய் "சும்மா கிளிக் பண்ணிப் பாருங்க மேடம், ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா நம்புவாங்களா? ஒண்ணும் ஆகாதுங்கிறது உங்க வயசுப் பேச்சு.

பச்சை நோட்டுக்கு ஒரு வழி சொல்றேன். நீங்க கம்ப்யூட்டர்லேருந்து தொடங்குறீங்க. கோப்புலேருந்து தொடங்குங்க. அவங்க மேசையில இருக்கிற ஒரு காகிதக் கோப்பை எடுத்துத் திரைக்குப் பக்கத்துல விரிச்சு வைங்க. இடது பக்கம் குறிப்பு, வலது பக்கம் கடிதங்கள். திரையிலயும் அதே இடது, அதே வலது. குறிப்புப் பகுதி என்.எஃப்., கடிதப் பகுதி சி.எஃப். அப்படியே இருக்கு. பகிர்மானப் பதிவேட்டுல தபால் ஏறுறதுதான் அங்கே டைரைஸ். மஞ்சள் நோட்னா நாம பென்சில்ல போடுற வரைவு. பச்சைன்னா மை. அவ்வளவுதான் சொல்லுங்க, மிச்சத்தை அவங்க உங்களுக்குச் சொல்வாங்க.

---

அங்கன்வாடி மகள் | வெள்ளி, காலை 11:20

படிச்சுக்கிட்டே வந்தேன், அம்மா ஞாபகம் வந்துடுச்சு. 28 வருஷமா அங்கன்வாடிப் பணியாளர். எடை, உயரம், வருகை எல்லாம் இப்ப போன்லதான் ஏத்தணும். பயிற்சி ஒரே நாள், மண்டபத்துல நூறு பேரு, முன்னாடி உக்காந்தவங்களுக்கு மட்டும் திரை தெரிஞ்சுதாம்.

அம்மா ஒரு வேலை பண்ணினாங்க. செயலியில வர்ற ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துத் தன்னோட நோட்டுல படமா வரைஞ்சாங்க. "இங்கே பச்சைக் கட்டம். அழுத்தினா குழந்தை பேர் வரும். வலது மூலையில மூணு கோடு, அதைத் தொடக் கூடாது." இப்படி 23 பக்கம். நான் "வீடியோ எடுத்துத் தர்றேம்மா"ன்னேன். "வீடியோ நான் நிறுத்துற இடத்துல நிக்காது, நோட்டு நிக்கும்"னாங்க. அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்து நாலு மையத்துல வச்சிருக்காங்க இப்ப. செயலி அப்டேட் ஆகி பட்டன் இடம் மாறினா மட்டும் அன்னிக்கு ராத்திரி வீட்ல சாப்பாடு லேட்.

---

கந்தோர்ப் பெடியன் | வெள்ளி, மாலை 6:40

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட கந்தோரிலயும் (அலுவலகத்திலயும்) இதே பிரச்சினைதான், பலகைதான் வேற. இங்க வயசான ஆக்கள் கனபேர் பாமினி எண்ட பழைய எழுத்துருவிலதான் அடிச்சுப் பழகினவை. யூனிகோட்டுக்கு மாறச் சொன்ன உடன ஒரு அக்கா "அப்ப நான் பென்சன் எடுக்கிறன்" எண்டு அழுதவா. பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்கலாம் எண்டு காட்டினாப் பிறகுதான் ஓய்ஞ்சவா. தன்பதிவேடு அக்கா சொன்ன என்.எச்.எம்.மில பாமினியும் இருக்கு. இஞ்ச ஆருக்கும் தேவைப்பட்டால் எண்டு சொல்லி வைக்கிறன்.

---

நாலாவது சீட் | வெள்ளி, இரவு 10:30

வேலையில சேர்ந்தப்போ பவானிசாகர் பயிற்சி நிலையத்துல கொடுத்த அடிப்படைப் பயிற்சிக்கு அப்புறம் முப்பது வருஷமா எந்தப் பயிற்சியும் இல்லாம இருந்தவங்களுக்கு, ஆன்லைன்ல வீடியோ பார்த்துச் சான்றிதழ் வாங்குங்கன்னு சொன்னா என்ன நடக்கும்? எங்க ஆபீஸ்ல சத்தத்தை அணைச்சுட்டு வீடியோவை ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போறாங்க. கடைசியில வர்ற கேள்விக்கு நான்தான் பதில் அழுத்துறேன். ஆறு சான்றிதழ் என் உழைப்பு, பேரு மட்டும் வேற வேற.

இதுல மேடம் மாதிரி ஆளும் இருக்காங்க, ஒத்துக்கிறேன். ஆனா என் கோபம் அப்படியேதான் இருக்கு.

---

மலைக்கோட்டை | மூணு வாரம் கழிச்சு, சனி, காலை 10:00

இழையைத் தொங்கல்ல விட்டுட்டேன், மன்னிக்கணும். அலுவலக ஆணை வாங்கிட்டேன். கேட்டதும் கொடுக்கலை, மூணு நாள் நடந்தேன். ரெண்டு பொருளை மாத்தி விட்டிருக்காங்க. ப்ரொஜெக்டரைத் திருப்பிக் கொடுத்துட்டேன். தினமும் 3லேருந்து 3:30 வரை ஒரு ஆள், அவர் இருக்கை, அவர் கோப்பு. மவுஸை நான் தொடறதில்லைன்னு சபதம். அதைக் காப்பாத்தத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன், ரெண்டு தடவை கை தானா போச்சு. ஒரு சார் பட்டுனு கையில தட்டிட்டார்.

ஆறு பேருல நாலு பேர் இப்ப சொந்தமா கோப்பு நகர்த்துறாங்க. ஒரு சார் குறிப்பை போன்ல பேசியே தமிழ்ல எழுத்தாக்கித் தனக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி, அதைக் கம்ப்யூட்டர்ல திறந்து ஒட்டுறார். "ஆபீஸ் விஷயத்தை வாட்ஸ்அப்ல ஏத்தலாமா சார்"னு கேட்டு இன்னும் சண்டை ஓடுது, அவர் கேக்கலை. ஒருத்தர் மருத்துவ விடுப்புல போயிட்டார், கம்ப்யூட்டர்தான் காரணம்னு பேச்சு. ஆறாவது ஆள் நாலாவது சீட் சொன்ன ரகம், அவர்கிட்ட நான் தோத்துட்டேன்.

இப்ப மேடம் கதை. திங்கட்கிழமை ஒரு கோப்புல நான் அவசரத்துல மஞ்சள் போடாம நேரா பச்சையில குறிப்பு எழுதி மேடத்துக்கு அனுப்பிட்டேன். அனுப்பின உடனே பார்க்கிறேன், கடித நாள் 12.08.2024ன்னு இருக்கவேண்டியது 12.08.2014ன்னு இருக்கு. திரும்ப இழுத்துடலாம்னு போனா, அவங்க ஏற்கெனவே திறந்துட்டாங்க. திறந்த கோப்பை அனுப்பினவர் இழுக்க முடியாது. வியர்த்துப் போச்சு.

அவங்க அறைக்குப் போனேன். திரையில அந்த வரியிலேயே கர்சரை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "பச்சையில போட்டுட்டியே தம்பி" ன்னாங்க. நான் ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதவா, அட்மின்கிட்ட கேக்கவான்னு இழுத்தேன். சிரிச்சாங்க. "ஏன்பா, காகிதக் கோப்புல மையில எழுதின குறிப்பை என்னிக்காவது பிளேடு வச்சுச் சுரண்டியிருக்கோமா? அப்படிச் செஞ்சாதான்டா மெமோ. கீழே அடுத்த குறிப்பு போடுறதுதானே வழக்கம்? இதுலயும் அப்படித்தானே இருக்கணும்?"

நான் இந்த மென்பொருளை ஒரு வருஷமா பார்க்கிறேன், எனக்கு அப்படித் தோணலை.

கோப்பை எனக்குத் திருப்பி அனுப்பினாங்க, என்ன எழுதணும்னும் சொன்னாங்க: "மேற்குறிப்பு பத்தி 2இல் கடித நாள் 12.08.2014 எனத் தவறுதலாகக் குறிக்கப்பட்டுள்ளது. 12.08.2024 எனத் திருத்தி வாசிக்கப்படலாம்." அடுத்த பச்சை நோட்டா போட்டேன். அதுக்குக் கீழே அவங்க குறிப்பு, அவங்களே அடிச்சது. அன்னிலேருந்து பச்சைக்கு என்னைக் கூப்பிடறதில்லை.

இப்ப புதுசா ஒரு தலைவலி. 12 வருஷமா வானவில்ல அடிச்சு வச்ச மாதிரிக் கடிதங்கள் 600க்கு மேல இருக்கு அவங்ககிட்ட. புதுசுல ஒட்டினா எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா வருது. யாராவது வழி சொல்லுங்க.

---

ஹெல்ப்டெஸ்க் கதிர் | சனி, காலை 10:25

தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல ஒருங்குறி மாற்றி இலவசமா கிடைக்கும். என்.எச்.எம். கன்வெர்ட்டரும் இருக்கு. ஆனா ஒரே ஆவணத்துல பாதி இங்கிலீஷ், பாதி வானவில்னு கலந்திருந்தா இங்கிலீஷ் பகுதியும் சிதைஞ்சுடும், ரூபாய்த் தொகையும் அரசாணை எண்ணும் சரியா வந்திருக்கான்னு கண்ணால பாருங்க. 600ஐயும் மாத்தாதீங்க. இந்த வருஷம் தொட்ட 40 இருக்கும், அதை மட்டும் மாத்துங்க. பழைய கோப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

---

நாலாவது சீட் | சனி, மதியம் 12:40

குட்மார்னிங் படம் அனுப்புற எங்க சார்கிட்ட நேத்து கேட்டேன், "சார் நீங்க டைப்ரைட்டிங் ஹையரா?"ன்னு. அந்தப் பக்கமே போனதில்லையாம். எல்லாம் கையெழுத்துதான், முத்து முத்தா இருக்கும். அவருக்கு எந்தப் பலகை?

---

தன்பதிவேடு | சனி, மதியம் 1:15

அவருக்குத் தமிழ்99ஏ கொடுங்க. விரல்ல பழைய பழக்கம் எதுவும் இல்லாதவருக்கு அதுதான் சுலபம். இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்குப் பெரும்பாலும் மெய்.

வகுப்பு எடுக்காதீங்க. முதல்ல "அம்மா" அடிக்கச் சொல்லுங்க. அ, ம, ம, ஆ. நாலு தட்டுதான். நடுவுல புள்ளி தானா விழும். அதைப் பார்த்துட்டு "இதெப்படி விழுந்துது?"ன்னு அவரே உங்களைக் கேக்குற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.